புகைக்குழாய்க்கு எந்தப் பூச்சு?

சென்ற மாதம் நம் இல்லம் தேடி வந்த மாணவன் ஒருவன், முற்றத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலைகவிழ்ந்து நின்றான். அவன் தந்தையார் இருபது ஆண்டுகளாகப் பாவித்துவரும் வண்டி அது. புகைக்குழாயிற் படிந்த கறளைக் கண்டு மனம் பொறாத பிள்ளை, தந்தையாரை மகிழ்விக்க எண்ணி, இரும்புப் படலைக்குப் பூசி மிஞ்சியிருந்த வெள்ளிநிறப் பெயின்றைக் குழாய்க்கும் பூசியிருக்கின்றான். மறுநாட் காலையில் தந்தையார் சந்தைவரை சென்று மீள்வதற்குள் பூச்சுப் புகைந்து, கருகி, கொப்புளித்து உரிந்துவிட்டது.

"மாமா, நல்ல பெயின்ற் எது என்று சொல்லுங்கள்; காசு சேர்த்து வாங்குகிறேன்" என்றான்.

"தம்பி, பெயின்றைப் பற்றிப் பிறகு பேசுவோம். உன் குழாய் எவ்வளவு சுடுகின்றது என்பதை முதலிற் பார்" என்றோம். அவனுக்கு உரைத்ததையே ஈண்டு வாசகர்களுக்கும் உரைக்க விழைகின்றோம்.

சாதாரண எனாமல் பெயின்றில் நிறப்பொடியைப் பிணைத்து நிற்பது ஒருவகைப் பிசின். அது காபன் சேர்வையாதலின், ஏறத்தாழ 150 பாகை செல்சியஸைக் கடந்ததும் கருகத் தொடங்கும். எஞ்சினை விட்டு வெளியேறும் புகையோ 600 பாகைக்கும் மேற்பட்ட சூடுடையது. எஞ்சினை அடுத்துள்ள குழாயின் வெளிப்புறம் 300, 400 பாகை வரை ஏறுவது சாதாரணம். பின்னே சைலன்சரை அடையும்போது சூடு வெகுவாகத் தணிந்துவிடும். ஒரே குழாய் ஆயினும் அதன் தலையும் வாலும் வெவ்வேறு தட்பவெப்பம் உடையன என்க. வாலுக்குப் போதிய பூச்சுத் தலைக்குப் போதாது.

இருளில் எஞ்சினை இயக்கிப் பார்த்தலும் நன்று. இரும்பு ஏறக்குறைய 500 பாகையைத் தாண்டினால் மங்கிய செந்நிறமாய் ஒளிரும். நின்ற நிலையிலேயே குழாய் சிவக்குமாயின், எரிபொருட் கலவையிலோ தீப்பொறி எழும் நேரத்திலோ பிழை இருக்கலாம். அதனைத் திருத்துவித்த பின்னரே பூச்சைப் பற்றி நினைக்க வேண்டும்.

வீட்டிற் பூசத்தக்கவற்றுள் சிறந்தது சிலிக்கோன் பிசினால் ஆகிய வெப்பந்தாங்கும் பெயின்ற். சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறிக் கைகோத்து நிற்பதே அப்பிசினின் முதுகெலும்பு. மணலையும் கண்ணாடியையும் உறுதியாக்கும் பிணைப்பும் அதுவே. நிறப்பொடியாகக் கறுப்போ அலுமினியத் துகளோ சேர்ந்த நல்ல பெயின்ற் 550 அல்லது 600 பாகை வரை தாக்குப்பிடிக்கும். சிலிக்கோன் சிறிதளவே கலந்த மலிவான வகைகள் 200, 300 பாகை அளவிற் சோர்ந்துவிடும். அவை சைலன்சருக்கே ஏற்றவை.

கடையில் தகரக்குவளை மீதுள்ள எண்ணைக் கண்டு மயங்கலாகாது. 1200 என்று பெரிதாக அச்சிட்டிருப்பின், அது பரன்ஹைட் அளவா என்று நோக்குக. 1200 பாகை பரன்ஹைட் என்பது ஏறத்தாழ 650 பாகை செல்சியஸே.

மற்றைய பூச்சுக்கள் எவ்வாறு எனின், நாகம் சுமார் 420 பாகையில் உருகிவிடும். ஆதலின் நாகமுலாம் எஞ்சின் அருகே உதவாது. நம் பாட்டிமாரின் எனாமற் கோப்பைகளிற் கண்ட கண்ணாடிப் பூச்சு வெப்பத்தை நன்கு தாங்கும்; ஆனால் சூளையில் உருக்கியே அதனை இடவேண்டும், கல் பட்டாற் சில்லுச் சில்லாய் உதிரும். குரோமிய முலாம் கண்ணுக்கு இனியது. சூட்டினால் அதன்மேல் ஒட்சைட்டுப் படலம் தடிக்கும்போது நீலமும் பொன்னிறமும் தோன்றும். எனினும் அம்முலாமிடும் திராவகம் கொடிய நச்சுடையது. அது தொழிற்சாலைக்குரிய வேலையே.

நிற்க. விலையுயர்ந்த பெயின்றை வாங்கியும் பலர் ஏமாறுவது பூசும் முறையினாலேயே. குழாயைக் கழற்றி, கம்பித் தூரிகையாலும் மண்கடதாசியாலும் தேய்த்து, கறளும் பழம்பூச்சும் நீங்கி வெறும் உலோகம் தோன்றச் செய்தல் வேண்டும். பின் தின்னரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தல் வேண்டும். அதன்பின் வெறுங்கையாலே தொட்டால் விரலடையாளமும் சேர்ந்தே வேகும். சாதாரண அடிப்பூச்சு இடலாகாது. மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று முறை பூசுவதே சாலும். ஒரு மீற்றர் நீளமுள்ள உருக்குக் குழாய் 400 பாகை சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும். தடித்த பூச்சு அந்த நீட்சிக்கு இணங்காது வெடித்துவிடும்.

உலர்ந்துவிட்டதெனக் கருதி உடனே நெடும்பயணம் புறப்படுவதும் தவறு. சிலிக்கோன் பூச்சு 200 பாகை அளவிற் சூடு கண்ட பின்னரே முற்றாக இறுகும். குழாயை மீண்டும் பூட்டி, எஞ்சினைப் பத்து நிமிடம் மெதுவாக இயக்கி ஆறவிடுக. பின் இருபது நிமிடம் இயக்கி ஆறவிடுக. அதன்பின் சிறிது தூரம் ஓட்டுக. அப்போது எழும் புகை நச்சுத்தன்மை உடையதாதலின் வெளிமுற்றத்திலேயே இதனைச் செய்க. உணவு சமைக்கும் போறணையில் வைத்துச் சூடேற்றுதல் ஒருபோதும் ஆகாது.

கடற்காற்று வீசும் பருத்தித்துறை, மன்னார், மட்டக்களப்புப் பகுதிகளிற் குழாய் வெளியேயிருந்து அரிக்கப்படுவதை யாவரும் அறிவர். உள்ளேயிருந்தும் அரிக்கப்படுகின்றது என்பதை அறிவார் சிலரே. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாய்ப் பிறக்கின்றது. குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் அந்நீர் சைலன்சருக்குள்ளே தேங்கும். அதன் அடியிலுள்ள சிறுதுளை அந்நீர் வடிவதற்கே. பூசும்போது அதனை அடைத்துவிடாதீர்கள்.

முடிவாக, பெற்றோர் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பூச்சு சூட்டைத் தாங்குமேயன்றிக் குழாயைக் குளிரச் செய்யாது. புதிதாய்ப் பூசிய கறுப்புக் குழாய் ஆறியது போலவே தோன்றும். பின்னே இருந்து இறங்கும் குழந்தையின் கெண்டைக்கால் அதிற் பட்டால் ஒரு கணத்திலே தோல் வெந்துவிடும். வெப்பக் காப்புத் தகடு பழுதாயின் பூச்சுக்கு முன் அதனை வாங்குங்கள். சுட்டுவிட்டால் பற்பசையோ எண்ணெயோ தடவாது, ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடித்து, பின் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முந்தாநாள் அந்த மாணவன் மீண்டும் வந்தான், இம்முறை பின்னாசனத்தில். வண்டியைச் செலுத்தி வந்தவர் தந்தையார். குழாய் ஒரே சீராய்க் கறுத்திருந்தது. அதன்மேற் புதிய காப்புத் தகடு ஒன்றும் இருந்தது. "இரண்டு நாளாய்த் தேய்த்தவன் இவன், பூசியது அரை மணித்தியாலந்தான்" என்றார் தந்தையார், மகனின் கொப்புளித்த விரல்களைக் காட்டி. வேலையின் பெரும்பகுதி எங்கே உள்ளதென்பதை அவ்விரல்களே நன்கு உரைத்தன.