வரி கட்டியாயிற்று, அட்டை எங்கே?



சொத்து வரி ரசீது கைக்கு வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, கோப்பில் செருகி வைப்பது நம்மவர் வழக்கம். இந்த முறை அதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நூலக வரி என்று ஓர் இனம் அதில் உண்டு. சில ஊர்களில் தனியாக அச்சிட்டிருக்கும், சில ஊர்களில் மொத்தத்துக்குள் அடங்கியிருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் அது கணக்கிடப்படுகிறது. கடை, கிடங்கு, வீடு எல்லாவற்றுக்குமாக ஆண்டுக்கு 8,000 ரூபாய் வரி விதிக்கப்படும் வியாபாரி, நூலகத்துக்கென்று 800 ரூபாய் கொடுக்கிறார். வாடகைக் கடைக்காரர் தமக்கு இதில் சம்பந்தமில்லை என்று எண்ண வேண்டாம். கட்டட உரிமையாளர் வாடகையை நிர்ணயிக்கும்போது வரியையும் மனத்தில் வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்.

மண்டியில் முன்பணம் கட்டிவிட்டுச் சரக்கை ஏற்றாமல் வண்டியைத் திருப்புகிறவரை நாம் என்ன சொல்லுவோம்? நம்மில் பெரும்பாலோர் ஆண்டுதோறும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். சங்கக் கூட்டத்தில் பத்துப் பேரை நிறுத்தி, நூலக உறுப்பினர் அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒரு கை உயருமா என்பதே சந்தேகம்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததன்று. நாடு விடுதலை பெற்ற பின் இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது நமது சென்னை மாகாணத்தில்தான், 1948ஆம் ஆண்டில். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அதற்குப் பின்னணியில் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன். சட்டத்துக்கும் முன்பாக, 1931லேயே, மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அன்று புத்தகம் வீடு தேடி வந்தது. இன்று மாநிலத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருந்தும், அடுத்த தெருவுக்கு நடக்க நமக்குச் சோம்பலாக இருக்கிறது.

"கல்லாவை விட்டு எழுந்திருக்க நேரம் ஏது?" என்பார்கள். நியாயந்தான். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு பத்துக்கு எடுத்து வைக்கிற தொழில் நமது. ஆனால் உறுப்பினர் அட்டையே அப்படிப்பட்டவருக்காகத்தான். நூலகத்தில் உட்கார்ந்து நாளிதழ் படிக்க அட்டை தேவையில்லை. நூலை வீட்டுக்கோ கடைக்கோ எடுத்துவரத்தான் அட்டை. மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையே ஈ ஓட்டுகிற நேரம் எந்த மளிகைக் கடையிலும் உண்டு. அந்த நேரத்தைக் கைப்பேசி விழுங்கிக்கொண்டிருப்பதை மறுப்பதற்கில்லை.

கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்பது அடுத்த பேச்சு. கிடைக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வாட்ஸப்பில் கிடைத்ததும் நினைவிருக்கும். இந்தச் சரக்குக்கு வரி உண்டு என்று ஒரு செய்தி, இல்லை என்று மறு செய்தி. உணவுப் பாதுகாப்புச் சட்டம், எடையளவுச் சட்டம், பொட்டலப் பொருள்களின் மேல் என்னென்ன அச்சிட்டிருக்க வேண்டும் என்கிற விதிகள், இவற்றையெல்லாம் ஒழுங்காக ஒரு நூலில் படித்தவர், அதிகாரி கடைக்குள் நுழையும்போது பதறமாட்டார். இத்தகைய நூல்கள் எல்லாக் கிளை நூலகங்களிலும் அடுக்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. வியாபாரிகள் வந்து கேட்காத ஊரில் வியாபார நூலை யார் வாங்கி வைப்பார்? கேட்காத சரக்கை நாம் கடையில் வைக்கிறோமா? உறுப்பினராகச் சேருங்கள், வேண்டிய நூல்களை எழுதி நூலகரிடம் கொடுங்கள்.

புத்தகத்துக்கும் நமக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கிக் கிழித்துப் பொட்டலம் மடித்த கைகள் நம்முடையவை! சீரகப் பொட்டலத்தின் தாளைப் பிரித்துக் கதையின் நடுப்பக்கத்தை மட்டும் படித்து, முடிவு தெரியாமல் தவித்த கடைப் பையன்கள் எத்தனை பேர்.

கடைப் பையன்கள் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்களுக்கு அட்டை எடுப்பதைவிட, உங்களிடம் வேலை பார்க்கும் இளைஞருக்கு எடுத்துக் கொடுப்பது முக்கியம் என்பது என் கருத்து. எட்டாவதோடும் பத்தாவதோடும் நின்றவர்கள் நம் கடைகளில் நிறைய இருக்கிறார்கள். தனித்தேர்வு எழுதவும், அரசுப் பணித் தேர்வுக்குத் தயார் செய்யவும் நூல்களை விலைக்கு வாங்க அவர்களால் இயலாது. கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தாலும் ஒரு கிலோ துவரம் பருப்பு விலைக்கு வராது. படித்து நல்ல வேலைக்குப் போய்விட்டால் கடைக்கு ஆள் போய்விடுமே என்று கணக்குப் பார்ப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் நூலக வரியை உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பதில்லை, நிலுவை நிற்கிறது என்று பல ஆண்டுகளில் செய்திகள் வந்திருக்கின்றன. நம்மிடம் ஒரு நாள் தாமதத்துக்கும் அபராதம் கேட்கிறவர்களிடம், எங்கள் பணம் எங்கே என்று நாம் கேட்க வேண்டாமா? ஆனால் உறுப்பினர் அல்லாதவர் குரலுக்கு என்ன மதிப்பு இருக்கும்? நூலகத்தைத் தரம் உயர்த்தக் கோரும்போதும் உறுப்பினர் எத்தனை, புரவலர் எத்தனை என்றுதான் பார்க்கிறார்கள். ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரும் திட்டமும் இருக்கிறது. வசதியுள்ள மொத்த வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் நூலகத்திலிருந்து விண்ணப்பப் படிவங்களை மொத்தமாக வாங்கி வைக்கட்டும். உறுப்பினர்கள் முகவரிச் சான்றின் நகலோடு வந்தால், ஒரே நாளில் எல்லோரது படிவத்தையும் பூர்த்தி செய்து செயலாளர் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையில் கிளை நூலகங்கள் பொதுவாகத் திறந்திருக்கும், அரை நாள் கடை அடைக்கிற நமக்கு அது வசதி. வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.