பற்றவைப்பதற்கு முன் வெட்ட வேண்டும்

“அண்ணாச்சி, தகரம் இத்துப்போச்சு. வெல்டிங் வச்சிருவமா, பட்டி போட்டு மூடிருவமா?” குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உடன்குடிப் பக்கம் பழைய அம்பாசடரையோ பத்மினியையோ டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. எது மலிவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். துரு எந்தத் தகட்டில் இருக்கிறது என்றோ, பற்றவைத்த பிறகு அந்தத் தகட்டின் பின்பக்கம் என்ன ஆகும் என்றோ யாரும் கேட்பதில்லை. வெல்டிங் துருவுக்கு மருந்து அல்ல. போன இரும்புக்குப் பதில் வேறு இரும்பு வைக்கும் வேலை, அவ்வளவுதான். துருவை ஒழிக்கும் வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

கடலோரத்தில் இரும்பு சீக்கிரம் போய்விடும் என்று இந்த ஊரில் ஜன்னல் கம்பி வைத்த எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும். உப்பு அந்த ஈரத்தைப் போகவிடாமல் பிடித்துவைக்கிறது. சுத்தமான சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடலுப்பில் சேர்ந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். நாம் காய்ந்து கருகும் சித்திரை மத்தியானத்திலும் தகட்டு மடிப்புக்குள் நசநசப்பு இருந்துகொண்டுதான் இருக்கும். அதோடு, இரும்பை அரிக்கிற குளோரைடு அந்த வேலையில் தீர்ந்துபோவதில்லை. பள்ளத்துக்குள்ளேயே தங்கி மறுபடியும் அரிக்கும். ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் இரும்பு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அகழ்ந்தெடுத்த அப்படிப்பட்ட இரும்பை அருங்காட்சியகக்காரர்கள் காரக் கரைசலில் நெடுநாள் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றுவது வழக்கம். இல்லாவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே துரு தொடரும். காருக்கும் கணக்கு அதேதான்: உப்பை உள்ளே விட்டு மேலே தகடு ஒட்டினால், ஒட்டிய தகட்டையும் சேர்த்து அரிக்கும்.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்து அரிப்பை அளந்திருக்கிறது. இந்தியாவுக்கான அரிப்பு வரைபடமும் வெளியிட்டிருக்கிறது. இதுபோன்ற ஆய்வுகள் உலகெங்கும் சொல்வது ஒன்றுதான். அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே காற்றிலிருக்கும் உப்பு வேகமாகக் குறைந்துவிடுகிறது. தசரா நேரத்தில் முத்தாரம்மன் கோயிலுக்கு வந்து கடற்கரையோரம் வண்டியைப் போட்டுவிட்டுப் போகிறவருக்குப் பெரிய சேதம் இல்லை. அதே இடத்தில் ஆண்டு முழுக்க வண்டி நிற்கிறவர்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது, எந்தத் தகடு என்ற கேள்வி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. ஃபியட் 1100 வழிவந்த பத்மினிக்கும் கிடையாது. உடம்பே எலும்பு. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற சில், ஃப்ளோரின் ஓரம், ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாம் வண்டியின் பாரத்தைச் சுமப்பவை. மட்கார்டின் கீழ் நுனியும் கதவின் வெளித்தோலும் அப்படியல்ல. வண்டலூரில் 1961இல் வரத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மட்டும் வேறு சாதி: அடியில் தனிச் சட்டம், மேலே போல்ட்டு போட்டுப் பூட்டிய உடம்புத் துண்டுகள். முழு உடம்பை ஒரே கூடாக அடித்துத் தர இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்கு ஆள் கிடைக்காமல் போனதால் வந்த வடிவம் அது. இன்று ஹெரால்டு வைத்திருப்பவருக்கு அது அதிர்ஷ்டம். உடம்பைக் கழற்றிவிட்டுச் சட்டத்தைத் தனியாகப் பார்க்கலாம்.

மட்கார்டு ஓட்டையில் பட்டி போட்டால் அழகுக்குத்தான் நஷ்டம். சில்லில் போட்டால் உயிருக்கு. பிரிட்டனில் வருடாந்திரச் சோதனையில் ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் போன்றவை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பெரிதாக அரித்திருந்தால் வண்டி தேறாது; அங்கே பட்டியோ ஃபைபரோ செல்லாது. நம் ஊரில் 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது, அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கிற அதிகாரியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். அந்த 30 சென்டிமீட்டர் கணக்கை நாமே வைத்துக்கொள்வது நல்லது.

குத்திப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பெயின்ட்டில் சுண்டைக்காய் அளவு கொப்புளம் இருக்கும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். ஸ்க்ரூ டிரைவர் முனை வைத்து அழுத்தினால் வடைச்சட்டி அளவு ஓட்டை விழும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் இரண்டு தகடு சேரும் மடிப்பில் அது புகுந்தால் ஸ்பாட் வெல்டையே பிளந்துவிடும். ஓட்டை தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல், வெள்ளி போல் மின்னும் கெட்டித் தகடு வரும்வரை கிரைண்டரால் வெட்டி எடுக்க வேண்டும். பலர் இங்கேதான் மனம் தளர்ந்துபோகிறார்கள். ஓட்டை பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் இத்த தகட்டில் வெல்டிங் நிற்காது. ஊதினாற்போல் உருகி ஓடும்.

சில்லை வெட்டுவதென்றால் கதவுகளைக் கழற்றாதீர்கள். சக்கரம் தரையில் நிற்கிற மாதிரியே வண்டியைத் தாங்கி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பிடித்துவிட்டு, ஒரு பக்கம் முடிந்த பிறகு மறுபக்கம் தொட வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டிய வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதன்பின் கதவு அறைந்தால்தான் மூடும்.

புதுத் தகடு பழையதன் கனத்திலேயே இருக்கட்டும். உடம்புத் தோலுக்கு 20 கேஜ், பாரம் சுமக்கும் இடத்துக்கு 18. ஓட்டையின் மேல் தகட்டைப் படியவைத்து ஓரம் ஒட்டுவது சுலபம், ஆனால் அந்த இரட்டை மடிப்பு உப்புக்கு இன்னொரு வீடு. விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுவதே முறை. இதற்கு சிஓடூ வெல்டிங்தான் வாகு, 0.8 மில்லிமீட்டர் கம்பியில். ராடு வைத்த ஆர்க் வெல்டிங் இந்தக் கனத்தைப் பொசுக்கிவிடும். கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்த பழைய மேஸ்திரிகள் அற்புதமாகச் செய்வார்கள், ஆனால் சூடு பரவித் தகடு நெளியும். பிறகு தட்டி எடுக்கவும் அவர்களே வேண்டும். எதில் செய்தாலும் அங்கொன்று இங்கொன்றாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். பாட்டரி வயரையும் பெட்ரோல் டாங்க்கையும் முதலில் கழற்றியிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலி டாங்க்தான், ஆவி நிறைந்திருப்பதால், அதிக ஆபத்து.

பற்றவைக்கும் சூட்டில் பின்பக்கத்துப் பெயின்ட் எரிந்து வெறும் இரும்பு நிற்கும். முன்பக்கத்தை கிரைண்டர் போட்டு, பிரைமர் அடித்துப் பளபளக்க வைத்துவிடுவோம். பெட்டிக்குள் இருக்கும் பின்பக்கம் யார் கண்ணிலும் படாது. “போன வருசம்தான வெல்டிங் வச்சோம்” என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் அந்தப் பின்பக்கம்தான். சேரும் விளிம்புகளில் முன்கூட்டியே துத்தநாக பிரைமர் பூசலாம், அதன் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும் என்பதால் காற்றோட்டமாக வைத்துக்கொண்டு. ஆறிய பிறகு சில்லின் துளை வழியே நீளக் குழாய் விட்டு மெழுகுக் கலவை அடிக்க வேண்டும். கழிவு ஆயில் ஊற்றும் வழக்கம் நம் பக்கம் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது மேல், ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்து, தேரி மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, சேஸிஸிலோ உடம்புக் கூட்டிலோ மாற்றம் செய்யாத வண்டியையே ஏற்கிறது. அதே வடிவில் தகடு வைப்பதை யாரும் மாற்றம் என்று சொல்லிவிடாதபடி, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வேலை முடிந்த வண்டியில் கதவடியிலும் சில்லடியிலும் உள்ள வடிகால் துளைகளைப் புதுப் பெயின்ட் அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். அடிப்பக்கத்தை அடிக்கடி கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். வாட்டர் சர்வீஸுக்கு விடும் முன் அங்கே வரும் போர்த் தண்ணீரை ஒரு சொட்டு வாயில் வைத்துப் பாருங்கள்; கரித்தால் வேறு இடம் தேடுங்கள்.