நாங்களே சொல்லி முடிக்கிறோம்

எங்களில் ஒருவருக்கு வீடு குரோம்பேட்டையில். ஆனால் கிண்டியிலிருந்து பேருந்து ஏறினால் பல வருஷம் அவர் பல்லாவரத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தார். ‘குரோ’ என்று தொடங்கினாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். “எங்கப்பா போகணும், சீக்கிரம் சொல்லு” என்பார் கண்டக்டர். பின்சீட்டில் யாரோ சிரிப்பார்கள். பல்லாவரம் என்றால் வாயில் வந்துவிடும். அங்கேயே இறங்கி மிச்ச தூரத்தை நடப்பார். ஏன் இவ்வளவு நேரம் என்று வீட்டில் கேட்டால், காலாற நடந்து வந்தேன் என்பார்.

திக்கிப் பேசுகிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். சொல் இழுபடுவதும் தடைபடுவதும் உங்கள் காதில் விழுகிறது. நாளைக்கு வகுப்பில் எழுந்து படிக்க வேண்டுமே என்று முந்தின ராத்திரியே வயிறு பிசைவது யாருக்கும் தெரிவதில்லை. விடை தெரிந்தும் “தெரியாது சார்” என்று உட்கார்ந்துவிடுகிறோம். போன் அடித்தால் எடுக்காமல் விடுகிறோம். வராத வார்த்தைக்குப் பதில் வேறொன்றைச் சொல்லித் தப்பிக்கிறோம். சொந்தப் பெயருக்குப் பதில் எதைச் சொல்வது? நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுதான். வரன் பார்க்கும்போதோ, அதிகம் பேசாதே என்று வீட்டிலேயே சொல்லி உட்காரவைக்கிறார்கள்.

திக்கல் பயத்தால் வந்த கோளாறு இல்லை. அறிவுக்குறைவும் இல்லை. மூளை பேச்சை இயக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு இது, பரம்பரைக்கும் பங்குண்டு. பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்கும். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு வந்து, பலருக்கும் தானாகவே போய்விடும். பெரியவர்களில் 100 பேருக்குச் சுமார் ஒருவர் இப்படிப் பேசுகிறார். பயம் பின்னால் வந்தது. ஒவ்வொரு சிரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. பயந்தால் திக்கல் கூடுகிறது, திக்கினால் பயம் கூடுகிறது.

பெற்றோர்களே, நாக்கில் வசம்பு தேய்த்ததும், கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பேசச் சொன்னதும் எங்கள் மேல் உள்ள பாசத்தால்தான். அவற்றால் திக்கல் போகவில்லை. குழந்தை சில மாதமாகத் திக்குகிறது என்றால் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். அடிக்காதீர்கள், விருந்தாளி முன்னால் பேசிக்காட்டச் சொல்லாதீர்கள்.

ஆசிரியர்களே, சேர்ந்து வாசித்தால் எங்களில் பெரும்பாலோருக்குத் திக்காது. திக்குகிற பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க விடுங்கள். வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்கினால் போதும் என்று எல்லாருக்குமே சொல்லிவிடுங்கள். அவன் ஒருவன் மட்டும் தனியாகத் தெரியமாட்டான்.

படம் எடுப்பவர்களே, திக்குகிறவரை நீங்கள் சிரிப்புக்கென்று வைக்கிற காட்சி, மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயராகிறது. வேண்டாம், விட்டுவிடுங்கள்.

1998 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 22 உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்றைக்கு மட்டும் எங்களை நினைத்தால் போதாது. கடையில், வங்கியில், பேருந்தில் எங்களில் ஒருவர் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் “மெதுவா, மூச்சு விட்டுப் பேசு” என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். வேறெங்கோ பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சில விநாடி பொறுங்கள். நாங்களே சொல்லி முடிக்கிறோம்.

இப்படிக்கு,
திக்கிப் பேசும் நண்பர்கள்