பயன் வினவாத அறிவு

“இதனாற் பயன் யாது?” என்பது ஒரு கல்வித்துறையைத் தெரிந்துகொள்ளுமுன் பெற்றோரும் மாணவரும் முதற்கண் எழுப்பும் வினா. வினா தவறன்று, விடை உடனே கிடைத்தல் வேண்டுமென விழைதலே தவறு. நோய்க்கு எதிராக நம் உடல் நிகழ்த்தும் போர்பற்றிய ஆய்வே இதற்குத் தக்க சான்றாகும்.

1973ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து றொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரல்வ் ஸ்ரைன்மன், சன்வில் கோன் என்னும் அறிஞர் இருவர், சுண்டெலியின் மண்ணீரலிலே மரக்கிளை போன்ற நீட்சிகளையுடைய அரியதொரு கலத்தைக் கண்டனர். அந்நாளில் இக்கிளைக்கலத்தின் சிறப்பை உணர்ந்தோர் சிலரே. கிருமியின் கூறுகளைப் பற்றிச் சென்று, ரி கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்கட்குக் காட்டி, “தாக்குக” என்றோ “பொறுத்திருக்க” என்றோ பயிற்றும் ஆசான் அதுவே என்பது பின்னரே தெளிவாயிற்று.

அவ்வாசானை ஆக்குவோர் யாவர்? பரம்பரையலகுகளுள் எவை படியெடுக்கப்படல் வேண்டும், எவை வாளாவிருத்தல் வேண்டும் என வரையறுக்கும் புரதங்களேயாம். இவற்றைப் படியெடுப்புக் காரணிகள் என்பர். அவற்றுள் ஒன்றாகிய பீ.ஏ.ரி.எவ்.3 என்பது அற்ற சுண்டெலிகளை, சென் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆராய்ந்து 2008இல் முடிபுகளை வெளியிட்டனர். அவ்வெலிகளிற் கிளைக்கலங்களுள் ஒரு வகை இல்லாதொழிந்தது. ரி கலங்களோ இருந்தன. எனினும், ஏனைய சுண்டெலிகள் அழித்துவிடும் புற்றுக்கட்டியை இவை அழிக்கமாட்டாவாயின. படை இருந்தது, பயிற்றுவோன் இலன்!

2011இல், ஐ.ஆர்.எவ்.8 என்னும் மற்றொரு காரணி பழுதுற்ற குழந்தையிடத்துக் கிளைக்கலங்கள் இன்மையும், அதனுடன் கடுமையான நிர்ப்பீடனக் குறைபாடும் அறியப்பட்டன. எலியிற் கண்டது மனிதர் உயிரையுந் தொட்டது. அதே ஆண்டில் ஸ்ரைன்மனுக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்தோ! அறிவிப்புக்கு மூன்று நாட்கள் முன்னரே, புற்றுநோயால் அவர் உயிர் நீத்திருந்தார். முதற் கண்டுபிடிப்புக்கும் அப்பரிசுக்கும் இடையே கழிந்தவை 38 ஆண்டுகள்.

அவ்விளைஞர் கிளைக்கலத்தைக் கண்ட அன்றே பயனைக் காட்டுக என எவரேனும் வற்புறுத்தியிருப்பின், அவர் யாது விடை கூறியிருத்தல் கூடும்?

நம் மாணவருட் சிறந்தோரை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் காண விழைகின்றோம். அவ்விழைவு நன்றே. ஆயின், வைத்தியர் கையாளும் அறிவை ஆக்குவோரும் வேண்டுமன்றோ? கட்டடங்கட்கு மனமுவந்து பொருளீயும் பழைய மாணவர், ஆய்வுகூடத்தையும் நூலகத்தையும் மறவாதிருப்பாராக. ஆசிரியரும், பாடத்திட்டத்துக்குப் புறம்பான வினாவை எழுப்பும் மாணவனை அடக்காது, அவனுடைய வினாவுக்குச் செவிசாய்ப்பாராக. அதன் பயன் யாதென இன்று அறியோம், நாளை அறிவோம்.