மோட்டார் சைக்கிளுக்குக் கார் ரயர்

சென்ற இதழில் பனிக்கால ரயரைப் பற்றி எழுதியதிலிருந்து சிலர் என்னை 'ரயர் அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பரவாயில்லை, இம்முறையும் ரயர்தான்.

என் மனைவியின் தம்பி ஒன்ராறியோவுக்கு வந்து இரண்டு வருடம். எம்2 லைசென்ஸ் எடுத்துவிட்டான். "அத்தான், 2003ஆம் ஆண்டு ஹொண்டா கோல்ட் விங் ஒன்று மலிவாக வருகுது, பின் ரயரும் புதுசு, வந்து பாருங்கோ" என்றான். கிட்டத்தட்ட 400 கிலோ! இந்த ஆனைக்குட்டி உனக்கு என்னத்துக்கு என்று கேட்டேன். கேட்கவில்லை.

போய்க் குனிந்து பார்த்தால் பின்சில்லில் இருந்தது கார் ரயர். விற்கிறவர் அதை ஒளிக்கவில்லை. இன்னும் ஐந்து வருடத்துக்கு யோசனை இல்லை என்று பெருமையாகவே சொன்னார்.

எங்கள் வேலைத்தளத்திலும் இரவு ஷிப்ரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இப்படித்தான் ஓடுகிறார். வட அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. தங்களை 'டார்க் சைடர்ஸ்' என்று சொல்லிக்கொள்வார்கள். பாரமான மோட்டார் சைக்கிளில் பின் ரயர் பத்துப் பதினைந்தாயிரம் கிலோமீற்றரில் தேய்ந்துவிடும், கார் ரயர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓடும் என்பது அவர் கணக்கு. நெடுஞ்சாலையில் நேராக நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு அந்தக் கணக்குப் பொய்யில்லை.

ஆனால் மோட்டார் சைக்கிள் வளைவில் சரிந்துதான் திரும்பும். அதற்காகவே அதன் ரயர் உருண்டையாக இருக்கிறது. எவ்வளவு சரித்தாலும் ஒரே அளவு றப்பர் றோட்டில் படும். கார் ரயரின் முகம் தட்டை. சரித்தால் ஒரு விளிம்பில் ஏறி நிற்கும், மற்றப் பக்கம் கிளம்பும். வண்டி நிமிரவே பார்க்கும். ஓட்டுகிறவர் ஹாண்டிலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு றிம்முகளிலும் ரயர் உட்காரும் விளிம்பும் ஒரே மாதிரி இல்லை. ரயர் செய்கிற கொம்பனிகள் வேண்டாம் என்கின்றன. பல கடைகள் பூட்டித் தரவே மாட்டா. பக்கப்பெட்டி பூட்டிய மூன்று சில்லு வண்டி சரியாது, அதற்குப் போடுவது வேறு கதை.

1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை. அப்பா சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினவர். அகப்பட்டதைப் போட்டு ஓடுவது எங்களுக்குப் பழக்கம்தான். அன்று வேறு வழி இல்லை. இங்கே அப்படியா? விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் ரயரைப் பார்த்துக் கேள்வி கேட்டால் இவன் என்ன சொல்லுவான்?

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் ஒரு நேர்த் தடியை ரயரின் குறுக்கே வைத்துப் பாருங்கள். தட்டையாகப் படிந்தால் விசாரியுங்கள். மோட்டார் சைக்கிள் ரயர் பலவற்றின் பக்கச் சுவரில் 'எம்/சி' என்று இருக்கும். 'டொட்' என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள். 1621 என்றால் 2021ஆம் ஆண்டு 16ஆவது வாரம் செய்தது. முகம் தேயாவிட்டாலும் வயது தெரிந்துவிடும்.

சரியான ரயர் போடும் காசை விலையில் கழியுங்கள் என்றேன். அவர் மறுத்தார். மச்சான் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை, அக்காவும் அவன் பக்கம். போன ஞாயிறு விற்கிறவரே ரெலிபோன் எடுத்து, பாதிக் காசு கழிக்கிறேன் என்றாராம். மிச்சப் பாதியை நான் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ரயர்க் கடைக்குப் போகிறோம்.