கருவிக்குச் சந்தனம், கரத்துக்கு?

ஆயுத பூசை நாளில் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குள் நுழைந்து பாருங்கள். சுத்தியலுக்குச் சந்தனம், வெல்டிங் கருவிக்குக் குங்குமம், லாரியின் நெற்றியிலே மாலை! சங்ககிரி லாரிகளுக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கும் அன்று இதே அலங்காரந்தான்.

கோயில் பக்கமே போகாத ஓட்டுநரும் வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். கேட்டால், "சாமி இல்லீங்க, சோறு போடுற தொழிலுங்க" என்பார்.

மதம் கோயிலுக்குள்தான் குடியிருக்கிறது என்று யார் சொன்னது? அரசு அலுவலகங்களில் கடவுள் படங்கள் கூடாதென்று 1968இல் அண்ணா ஆட்சியில் சுற்றறிக்கை வந்தது. சுவரில் தொங்கும் படத்தைச் சுற்றறிக்கை இறக்கலாம். ஸ்பானரைத் தொழும் கைக்குப் படம் எதற்கு? அதன் மதம் அதன் தொழிலிலேயே அல்லவா இருக்கிறது!

இதை நாம் இகழவில்லை. ஆண்டெல்லாம் உழைத்த கருவியைத் துடைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுப்பது நன்றியுணர்ச்சி. ஆனால், நன்றியோடு அச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே! சக்கரத்தின் கீழ் எலுமிச்சை நசுங்குகிறது. விபத்து வரக்கூடாதென்று பூசணிக்காய் நடுச்சாலையில் உடைகிறது. அதிலே சறுக்கி, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வருபவர் விழுகிறார். சாலையில் உடைக்காதீர் என்று காவல்துறை எச்சரித்தும் பழக்கம் போகவில்லை. தன் விபத்தைத் தடுக்க அடுத்தவனுக்கு விபத்தா? என்னே விந்தை!

ஓட்டுநரின் அச்சம் பொய்யல்ல. இரவெல்லாம் விழித்து, பாரம் ஏற்றிய வண்டியை மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுகிறவர் அவர். கண் சொக்கும் அந்த ஒரு நொடியில் எலுமிச்சை என்ன செய்யும்? அவருக்கு வேண்டியது உறக்கம். நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே பொது விதி வகுத்தது. அந்த விதி ஏட்டிலிருந்து இறங்கி எத்தனை லாரிகளில் ஏறியது?

வண்டி முதலாளிமார்களே! கருவிக்கு ஓய்வும் சந்தனமும் தருகிறீர்கள், நல்லது. அதைப் பிடித்த கரத்துக்கு என்ன தந்தீர்கள்? பொட்டு வைக்குமுன் பிரேக்கைச் சோதியுங்கள். சாவியைக் கொடுக்குமுன், "தூங்கினாயா, தம்பி?" என்று கேளுங்கள். பூசணிக்காய் குழம்புக்குப் போகட்டும். சாலை சுத்தமாக இருக்கட்டும்.

கருவியை வணங்கும் ஊர், கரத்தை மதிக்கக் கற்கட்டும். அந்த நாளே உண்மையான ஆயுத பூசை!