அருவி வேண்டாம் என்று தீர்மானம் போட்டவர்களுக்கு...

(மூன்றாம் ஆண்டு மாணவி, சிவில் துறை)



இந்த வருஷம் பேரவைக் கூட்டத்தில் சுற்றுலாப் பேச்சு வந்ததும் ஒரே மூச்சில் ஒரு தீர்மானம் போட்டீர்கள். டேம் பார்க்கலாம், தீம் பார்க் போகலாம், கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம், அருவிப் பக்கம் மட்டும் கூடாது! காரணம் எல்லாருக்கும் தெரியும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்து போனான். 17 வயது என்றால் நம்ம காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற வயசு. அந்த வாரம் பூரா எங்க வீட்டிலும் அதே பேச்சுதான். உங்கள் பயம் நியாயமானது. தீர்மானத்தைத்தான் நான் ஏற்கவில்லை.

காலேஜ் கூட்டிப் போகாவிட்டால் நம்ம பசங்க அருவிக்கே போக மாட்டார்களாக்கும்? கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கே நாலு பைக்கில் எட்டுப் பேர் கிளம்புகிறார்கள். வீட்டுக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது. கூட்டம் இல்லாத இடமாக, கம்பி கட்டாத இடமாகத் தேடிப் போய்க் குதிக்கிறார்கள். தீர்மானம் போட்டதால் இந்த எட்டுப் பேர் பன்னிரண்டு பேர் ஆவார்கள், அவ்வளவுதான்.

2023 பிப்ரவரியில், நான் முதல் வருஷம் படிக்கும்போது, நாட்டு நலப்பணித் திட்டத்தில் முப்பது பேர் மணிமுத்தாறு மலைக்கு ஒரு நாள் முகாம் போனோம். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறையிடம் முறையாக அனுமதி வாங்கியிருந்தார்கள். காலையில் செக்போஸ்ட்டிலேயே பையைத் திறந்து ஷாம்பு, பாலிதீன் கவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். முகம் கோணியவர்கள் பலர் (பையன்கள்தான் அதிகம்!). மாஞ்சோலை தாண்டி, காக்காச்சியில் இறங்கி நடந்தோம்.

தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் சட்டென்று காடு ஆரம்பிக்கிறது. பத்தடி உள்ளே போனதும் பகல் பாதியாகிவிட்டது. வெடிப்பலா மரத்தில் கிளையை ஒட்டியே முள்ளு முள்ளாகக் காய்கள். சிங்கவால் குரங்குகளுக்கு அது முக்கியமான தீனியாம். குரங்கை நாங்கள் பார்க்கவில்லை, அது கடித்துப் போட்ட தோலைத்தான் பார்த்தோம். அட்டை கடித்ததில் "எம்மா!" என்று அலறியது யார் என்று இங்கே எழுதினால் இ.இ.இ. துறைக்குக் கோபம் வரும். விட்டுவிடுகிறேன்.

எங்களுடன் வந்த வனக்காவலர் அண்ணாச்சி, கீழே கிடந்த மக்கிய இலையை ஒரு கை அள்ளிப் பிழிந்து காட்டினார். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தும் விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. "இதுதான் தாயி நம்ம ஓவர்ஹெட் டேங்கு. கீழ இருக்கது வெறும் தொட்டி" என்றார். கீழே என்று அவர் சொன்னது 1958-ல் கட்டி முடித்த, 118 அடி மணிமுத்தாறு அணையை! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மழைக்காட்டு மண் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஓடையாகக் கசிய விடுகிறது. தாமிரபரணி கோடையிலும் வற்றாமல் ஓடுவதற்கு அந்தக் கசிவு பெரிய காரணம்.

அண்ணாச்சி சொன்ன அடுத்த விஷயம்தான் உயிர் காக்கிற விஷயம். டேங்க் நிறைந்த பிறகு பெய்கிற மழையைக் காடு தாங்காது, அப்படியே கீழே தள்ளிவிடும். "நாலுமுக்குல கறுத்துட்டுன்னா, இங்கன வெயில் அடிக்கேன்னு நிக்கக் கூடாது." நாலுமுக்கில் பெய்வது அருவிக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தைத்தான் நாம் ஹைட்ராலஜியில் 'டைம் ஆஃப் கான்சன்ட்ரேஷன்' என்று மனப்பாடம் பண்ணி ஐந்து மார்க் வாங்குகிறோம். 2023 டிசம்பர் 17, 18-ல் மலையிலும் சமவெளியிலும் சேர்ந்து கொட்டித் தீர்த்தபோது நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே மிதந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள்.

தண்ணீர் முன்கூட்டியே சொல்லவும் செய்யும். தெளிவாக விழுந்த தண்ணீர் டீ கலருக்கு மாறும். சருகும் சுள்ளியும் வர ஆரம்பிக்கும். இரைச்சல் கனக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பைத் தேடாமல் மேலே ஏறிவிட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நாலு மடங்கு. முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நிற்பவனை அதுதான் சாய்க்கிறது. அருவி விழுகிற இடத்தில் நுரைக்குள் காற்று கலந்திருப்பதால் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்காது. நீச்சல் தெரிந்தவனும் அங்கே அமிழ்ந்து போவான்.

மத்தியானம் கீழே வந்து, அனுமதித்த இடத்தில் தார்ப்பாய் கட்டி, புளியோதரை சாப்பிட்டு, பத்துப் பத்துப் பேராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிமுத்தாறு அருவியில் குளித்தோம். அந்தக் குளிர் இன்னும் என் முதுகில் இருக்கிறது! நீச்சல் மட்டும் அங்கே கிடையாது என்று சார் சொல்லிவிட்டார். சாயங்காலம் கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் ஆறு அமைதியாக ஓடிய இடத்தில் இறங்கினோம். "நீச்சல் தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றார். பதினெட்டுப் பையன்களில் பதினொரு கை. பன்னிரண்டு பெண்களில் இரண்டே கை. அதில் ஒன்று என்னுடையது, அதுவும் எங்க ஆச்சி இடுப்பில் சைக்கிள் டியூபைக் கட்டி ஊர்க் கிணற்றில் தள்ளிவிட்ட புண்ணியம். மற்ற பத்துப் பேரும் சுடிதார் நுனியை நனைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றங்கரை ஊர்களில் பிறந்த பிள்ளைகள்! 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு நீச்சல்' என்று கேட்கிற வீட்டில்தான் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோயிலுக்கு அதே பிள்ளையைக் கூட்டிப் போய் ஆற்றில் முங்கச் சொல்கிறார்கள்.

பேரவைக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான். சுற்றுலாப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வருஷ ஆரம்பத்திலேயே முதலாம் ஆண்டு மாணவ மாணவியருக்கு நீச்சல் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர். அதன்பின் பிப்ரவரி மாதம், அனுமதி வாங்கி, அந்த மலைக்கோ வேறொரு மழைக்காட்டு அருவிக்கோ ஒரு முழு நாள் முகாம். குளித்துவிட்டுப் பிரியாணிப் பொட்டலத்தோடு பஸ் ஏறுகிற அவசரம் வேண்டாம். மேலே நடந்து பார்த்துவிட்டுக் கீழே குளிக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இதை நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஆள் வேண்டும். மெக்கானிக்கல்காரர்கள் யாராவது கை தூக்குங்கப்பா!